குட்டி ஜப்பானில் கல்யாணராமன்

எங்க ஊர்க்காரங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெளியூரில் யாராவது "எந்த ஊரு?" என்று கேட்டால் சிவகாசி என்று சொல்லிவிட்டு, அவர் கேட்காமலேயே "குட்டி ஜப்பான்" என்றும் சேர்த்துக்கொள்வோம். நேரு வைத்த பெயர் என்று சொல்வார்கள். வெயிலைத் தவிர வேற ஒண்ணும் விளையாத ஊரில் தீப்பெட்டி, பட்டாசு, அச்சகம்னு மூணு தொழிலைக் கட்டி எழுப்பினதுக்குக் கிடைச்ச பட்டம். அதை நாங்க சும்மா விடுவோமா?

1985 தீபாவளி சமயத்தில் எனக்குப் பத்து வயசு. அந்த வருஷம் மார்ச்சில்தான் ராமநாதபுரத்தைப் பிரித்து எங்களுக்குத் தனி மாவட்டம் கொடுத்திருந்தார்கள். ஊரே கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்த காலம். அப்போதுதான் சுவரில் அந்தப் போஸ்டரைப் பார்த்தேன். 'ஜப்பானில் கல்யாணராமன்'. கமல், ராதா. சத்தியமா சொல்றேன், கமல் எங்க ஊருக்கு வந்து படம் எடுத்துட்டுப் போயிருக்கார்னு ஒரு நாள் முழுக்க நம்பிக்கிட்டிருந்தேன். சிரிக்காதீங்க. குட்டி ஜப்பான்ல இருக்கிறவனுக்கு வேற எந்த ஜப்பான் தெரியும்? :-)

அந்தப் படத்தைப் பற்றியும், அதற்கு முன்னும் பின்னும் வந்த 'இரண்டாம் பாக'ங்களைப் பற்றியும்தான் இந்தப் பதிவு. எல்லா இரண்டாம் பாகமும் இல்லை. பேய்ப்படம், போலீஸ் படமெல்லாம் வேற கணக்கு. சிரிக்கச் சிரிக்கக் காதலைச் சொல்லி ஜெயித்த படங்களுக்கு வந்த இரண்டாம் பாகங்கள் ஏன் இப்படி நமுத்துப்போகின்றன என்பதுதான் கேள்வி. பட்டாசு ஊர்க்காரன் என்பதால் நமுத்துப்போவதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் அருகதை உண்டு.

முதலில் கொசுவத்தி சுத்திடறேன்.

'கல்யாணராமன்' வந்தது 1979-ல். ஜி.என்.ரங்கராஜனுக்கு இயக்குநராக முதல் படம். கதை பஞ்சு அருணாசலம், இசை இளையராஜா. கமலுக்கு ரெட்டை வேஷம். பல்லு நீட்டிக்கிட்டு, மனசுல கள்ளமே இல்லாத கல்யாணம் ஒருத்தன். பட்டணத்தில் வளர்ந்த சூட்டிகையான ராமன் இன்னொருத்தன். கல்யாணத்தை அநியாயமாகக் கொன்றுவிடுகிறார்கள். அவன் ஆவியாக வந்து ராமனைப் பிடித்துக்கொண்டு கணக்குத் தீர்க்கிறான். நடுவில் ஸ்ரீதேவி. பேய், பழிவாங்கல் எல்லாம் இருந்தாலும் ஜனங்க மனசுல நின்னது அந்தப் பல்லுக்காரனின் அப்பாவித்தனமும், அவன் ஸ்ரீதேவி மேல வெச்ச ஆசையும்தான்.

எங்க அக்கா அந்தப் படத்தை டூரிங் கொட்டகையில் பார்த்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயசு. நான் நாலு வயசுப் பயல். அவள் மடியில் தூங்கிவிட்டேனாம். ஆனால் கதை எனக்கு மனப்பாடம். ஏன்னா அக்கா எட்டாவதோட படிப்பை நிறுத்திட்டு தீப்பெட்டி ஆபீசுக்குப் போக ஆரம்பிச்சா. பகலெல்லாம் கட்டை அடுக்கிட்டு, ராத்திரி வீட்டுல பெட்டி ஒட்டும்போது தூக்கம் வராம இருக்க எனக்குக் கதை சொல்லுவா. சொல்றதெல்லாம் சினிமாக் கதைதான். 'கல்யாணராமன்' மட்டும் நூறு தடவை சொல்லியிருப்பா. பல்லை நீட்டிக் காட்டி, குரலை மாத்தி, ஆவி வர்ற இடத்தில் விளக்கைக் கையால் மறைத்து... ஒரு குரோஸ் பெட்டி ஒட்டி முடியும்போது படமும் முடியும்.

பெட்டி ஒட்டுகிற காசில் அவள் தனக்கென்று எடுத்துக்கொண்டது வருஷத்துக்கு ஒரே ஒரு சினிமா டிக்கெட்டுக்கான காசு. அதுவும் தீபாவளிப் படம். பட்டாசுத் தொழில்ல இருக்கிற ஊருக்கு வருஷம் பிறக்கிறது சித்திரையில் இல்லைங்க, தீபாவளிக்கு மறுநாள்தான். அதுவரைக்கும் பயராபீஸ், அச்சாபீஸ், தீப்பெட்டி ஆபீஸ் எல்லாம் ராப்பகலா ஓடும். தீபாவளி முடிஞ்சுதான் ஊரு மூச்சு விடும். போனஸ், புதுத்துணி, ஒரு சினிமா.

1985 தீபாவளி சாதாரண தீபாவளி இல்லை. நவம்பர் 11-ம் தேதி வந்த படங்களைப் பாருங்கள். ரஜினிக்கு 'படிக்காதவன்'. பாலசந்தரின் 'சிந்து பைரவி'. பாக்யராஜின் 'சின்ன வீடு'. கமலுக்கு 'ஜப்பானில் கல்யாணராமன்'. நாலுக்கும் இளையராஜாதான் இசை! இன்றைக்கு நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது. 'படிக்காதவன்' பெரிய வெற்றி. 'சிந்து பைரவி' சுஹாசினிக்கும், இளையராஜாவுக்கும், பாடகி சித்ராவுக்கும் தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. எங்க ஊர்க் கொட்டகைகளுக்கு இதெல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேரக் கொஞ்ச நாள் ஆச்சு.

அக்காவுக்குத் தை மாசம் கல்யாணம் நிச்சயம் ஆகியிருந்தது. எங்க வீட்டுப் பொண்ணாக அவள் பார்க்கப் போகிற கடைசித் தீபாவளிப் படம் அது. அவளுக்கு 'சின்ன வீடு' பார்க்கணும்னு ஆசை. 'முந்தானை முடிச்சு' எடுத்த பாக்யராஜ் ஆச்சே! ஆனா, கல்யாணம் நிச்சயமான பொண்ணு அந்தப் பேரில் ஒரு படத்துக்குப் போறதா? அம்மா வாயைத் திறக்கவே விடலை. "பேரைப் பாரு பேரை"ன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். நான் சந்தர்ப்பத்தைப் பிடிச்சுக்கிட்டேன். "அக்கா, கல்யாணராமன் ரெண்டாவது படம்க்கா! நம்ம கல்யாணம் திரும்பி வந்திருக்கான்க்கா!" என்று அழுது புரண்டு அவளை இழுத்துக்கொண்டு போனேன்.

போனோம். பார்த்தோம்.

இந்த முறை இயக்கம் எஸ்.பி.முத்துராமன். 'சகலகலா வல்லவன்' கொடுத்த கை. கதை அதே பஞ்சு அருணாசலம், பாட்டு அதே இளையராஜா, கமல் அதே கமல். அந்த வருஷம் ஜப்பானில் ட்சுகுபாவில் நடந்த 'எக்ஸ்போ 85' கண்காட்சியையே போய்ப் படம் பிடித்து வந்திருந்தார்கள். காசு செலவழிக்கலைன்னு யாரும் சொல்ல முடியாது. பல்லுக்காரன் கல்யாணமும் வந்தான். ஆனா அரை மணி நேரம் ஆனதும் அக்கா என் காதுல மெதுவா கேட்டா:

"ஸ்ரீதேவி எங்கடா?"

எனக்கு என்ன தெரியும்? 1983-ல் 'ஹிம்மத்வாலா' ஓடினதுக்கு அப்புறம் ஸ்ரீதேவி இந்திக்குப் போயிட்டதும், கதாநாயகி ராதா என்பதும் போஸ்டரிலேயே இருந்தது. ஆனா அக்கா கேட்டது அதை இல்லை. ஆறு வருஷம் பெட்டி ஒட்டிக்கிட்டே எனக்குச் சொன்ன கதையில் இருந்தவள் எங்கே என்று கேட்டாள். எந்தக் காதலுக்காக முதல் படத்தில் அழுதாளோ, அந்தக் காதலை ஒரு ஓரமாக வைத்துவிட்டுப் படம் ஜப்பானுக்கு விமானம் ஏறிவிட்டது. இன்னொண்ணு, முதல் படத்துல கல்யாணத்தோட ஆவிக்கு ஒரு வேலை இருந்துச்சு. அவனைக் கொன்னவங்களைப் பழி வாங்கணும். வாங்கிட்டான். வேலை முடிஞ்ச ஆவியைத் திரும்பக் கூப்பிட்டா அது என்ன பண்ணும்? டூர்தான் போகும்.

தமிழில் வந்த முதல் இரண்டாம் பாகங்களில் ஒன்று அது. எதிர்பார்த்த அளவுக்குப் போகவில்லை. வெளியே வரும்போது அக்கா ஒண்ணும் சொல்லலை. "பாட்டு நல்லாருந்துச்சுல்ல"ன்னு மட்டும் சொன்னா. வருஷத்துக்கு ஒரு படம் பார்க்கிறவ, அந்த ஒண்ணும் போச்சேன்னு சொல்ல மாட்டா. அதான் எனக்கு இன்னும் உறுத்துது.

சரி, மேட்டருக்கு வருவோம். ஏன் இப்படி ஆகிறது?

எங்க ஊர்ப் பசங்க தீபாவளிக்கு மறுநாள் காலையில் ஒரு காரியம் செய்வோம். (செய்யக் கூடாத காரியம். எனக்குப் புருவம் கருகின அனுபவம் உண்டு. யாரும் முயற்சி பண்ணாதீங்க.) தெருவில் கிடக்கிற வெடிக்காத வெடிகளைப் பொறுக்கி, பிரித்து, மருந்தை ஒரு காகிதத்தில் கொட்டிப் பத்தவைப்போம். புஸ்ஸுன்னு ஒரு வெளிச்சம். அவ்வளவுதான். சத்தம் வராது. அதே மருந்து, அதே நெருப்பு. முந்தின நாள் ராத்திரி அணுகுண்டா இருந்தது, காலையில ஏன் புஸ்வாணம்கூட ஆக மாட்டேங்குது?

காரணம் எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். சத்தம் மருந்தில் மட்டும் இல்லை, கட்டில் இருக்கிறது. அணுகுண்டைப் பார்த்திருப்பீர்கள். சணல் நூலை இறுக்கி இறுக்கிச் சுற்றியிருப்பார்கள். மருந்து எரிந்து புகையாக விரியும்போது வெளியே போக வழி இல்லாமல் நெருக்கி, கடைசியில் அந்தக் கட்டைக் கிழித்துக்கொண்டு வருகிறதே, அதுதான் சத்தம். கட்டு இல்லாத மருந்து வெறும் பொடி.

காதல் நகைச்சுவைப் படத்திற்கும் ஒரு கட்டு உண்டு. 'இவங்க ரெண்டு பேரும் சேருவாங்களா?' என்பதுதான் அது. அப்பா, ஊர், ஜாதி, பொய், ஆள்மாறாட்டம் எல்லாம் அந்தக் கட்டை இறுக்குகிற நூல். கிளைமாக்ஸில் கட்டு அவிழ்கிறது, தாலி ஏறுகிறது, நாம் சிரித்துக்கொண்டே வெளியே வருகிறோம். வெடித்துவிட்டது. இரண்டாம் பாகம் எடுக்கிறவர் கையில் இருப்பது என்ன? நடிகர் முகம், பாத்திரத்தின் பேர், படத்தின் பேர். எங்க ஊர் பாஷையில் சொன்னால் லேபிள்.

லேபிளின் மகிமை எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேணும், லேபிளுக்கு அச்சகம் வேணும். 1940-ல் வெடிபொருள் விதிகள் வந்து, உரிமம் வாங்கி முறையாகப் பட்டாசு ஆலைகள் வளர்ந்தபோது அதற்கும் லேபிள். பிறகு காலண்டர், டைரி, சினிமாப் போஸ்டர். நடிகைகளின் முகம் பட்டாசுப் பெட்டி மேல் சிரிக்கும். பெட்டிக்குள் அந்த நடிகை இருக்கிறார் என்று யாரும் நினைப்பதில்லை. ஆனா இரண்டாம் பாகம் பார்க்கப் போகும்போது மட்டும் பெட்டிக்குள்ள பழைய ஆள் இருப்பாங்கன்னு நம்பிப் போறோம் பாருங்க, அங்கதான் ஏமாறுகிறோம்.

முடிந்துபோன அந்தக் கல்யாணத்தை என்ன செய்வது என்பதுதான் இரண்டாம் பாகத்தின் தலைவலி. நம்மாட்கள் விதவிதமாக முயன்றிருக்கிறார்கள்.

ஒன்று, கல்யாணமே நடக்காத மாதிரி இருந்துவிடுவது. சற்குணத்தின் 'களவாணி' 2010-ல் வந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்து இரண்டு ஊர்ப் பகைக்கு நடுவில் விமலும் ஓவியாவும் காதலித்த அழகு! 2019-ல் அதே இயக்குநர், அதே விமல், அதே ஓவியாவுடன் 'களவாணி 2'. இதில் உள்ளாட்சித் தேர்தல் வருகிறது. காதல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. அப்போ 2010-ல் நாங்க கைதட்டினது எதுக்கு? விமலுக்கே 'தேசிங்கு ராஜா' (2013), எழில் இயக்கியது. 2025-ல் அதே எழில், அதே விமலோடு 'தேசிங்கு ராஜா 2' வந்தது. லேபிள் பழசு, சரக்கு வேற.

இரண்டு, அடுத்த தலைமுறைக்குப் போவது. விசுவின் 'மணல் கயிறு' 1982. பொண்ணு பார்க்க எட்டு நிபந்தனை போடுகிற மாப்பிள்ளை எஸ்.வி.சேகர், ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணத்தை முடிக்கிற நாரதர் நாயுடு விசு. 34 வருஷம் கழித்து, 2016-ல் 'மணல் கயிறு 2'. இப்போது நிபந்தனை போடுவது அந்த மாப்பிள்ளையின் மகள். யோசனை நல்ல யோசனைதான். ஆனா 1982-ல் அந்த எட்டு நிபந்தனை சுருக்குன்னு தைச்சது, மாப்பிள்ளை வீட்டுக்காரன் அதிகாரம் பண்ணின காலம் என்பதால். காலம் மாறின பிறகு அதே எட்டைத் திருப்பிப் போட்டால் கணக்கு மட்டும்தான் வரும், சிரிப்பு வராது.

மூன்று, கல்யாணம் ஆன கதாநாயகியை நச்சரிக்கும் பெண்டாட்டி ஆக்குவது. 'வேலையில்லா பட்டதாரி' (2014) முழுக் காதல் படம் இல்லைதான். ஆனாலும் அதில் பக்கத்து வீட்டு அமலா பால் எவ்வளவு இதமாக இருந்தார்! 2017-ல் இரண்டாம் பாகத்தில் அவருக்குக் கொடுத்த வேலை புருஷனை விரட்டுவது. காதலித்த பெண்ணைக் காமெடித் துணுக்கின் மனைவியாக்க ஒரு தாலி போதும் போல.

நான்கு, கதை தீர்ந்ததும் பாஸ்போர்ட்டை எடுப்பது. இது உலகப் பொது வியாதி. 'பிரிட்ஜெட் ஜோன்ஸ்' டைரி 2001-ல் லண்டன் பனியில் முத்தத்தோடு முடிந்தது. 2004-ல் இரண்டாம் பாகத்தில் அந்த ஜோடியைப் பிரித்து, நாயகியைத் தாய்லாந்து கொண்டுபோய் ஜெயிலில் போட்டார்கள். 'செக்ஸ் அண்ட் த சிட்டி' இரண்டாவது படத்தில் (2010) நாலு தோழிகளும் அபுதாபி போனார்கள். விமர்சகர்கள் பிரித்து மேய்ந்தார்கள். அவங்களுக்கெல்லாம் முன்னோடி நம்ம கல்யாணராமன்தான்னு நினைக்கும்போது ஒரு சின்னப் பெருமை. ஹி ஹி.

(எம்.ஜி.ஆரின் 'உலகம் சுற்றும் வாலிபன்' 1973-ல் வந்தபோது, முடிவில் அடுத்து 'கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு' என்று அறிவிப்பு போட்டார்கள். கடைசிவரை வரவே இல்லை. ஏமாற்றாத ஒரே இரண்டாம் பாகம் அதுதான் என்பேன்.)

அப்போ இரண்டாம் பாகமே எடுக்கக் கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். 'பிஃபோர் சன்ரைஸ்' (1995) படத்தில் அந்தப் பையனும் பெண்ணும் ஆறு மாதம் கழித்துச் சந்திப்பதாகச் சொல்லி ரயிலடியில் பிரிகிறார்கள். சந்தித்தார்களா? தெரியாது. ஒன்பது வருஷம் கழித்து 'பிஃபோர் சன்செட்' அந்தக் கேள்வியோடுதான் ஆரம்பித்தது. திரி மிச்சம் இருந்தது, பத்தினது. இந்தியில் 'தனு வெட்ஸ் மனு' (2011) கல்யாணத்தில் முடிந்தது. 2015-ல் வந்த இரண்டாம் பாகம் அந்தக் கல்யாணம் கசந்துபோன இடத்திலிருந்து தொடங்கி, முதல் படத்தைவிடப் பெரிதாக ஓடியது. கல்யாணத்தை மறைக்கவில்லை, அதையே புதுக் கட்டாகக் கட்டினார்கள்.

ஆகக் கூடி விஷயம் இதுதான். காதல் படத்தின் நிஜமான இரண்டாம் பாகம் இன்னொரு காதல் படம் இல்லை. கல்யாணத்தைப் பற்றிய படம். அந்தப் படம் 1985 தீபாவளிக்கே வந்துவிட்டது. அதன் மேல் 'இரண்டு' என்று யாரும் எண் போடவில்லை. பேர் 'சின்ன வீடு'.

தொண்ணூறுகளில் கேபிள் டிவி வந்தபிறகு ஒரு நாள் அக்கா வீட்டுக்குச் சாத்தூர் போயிருந்தேன். மத்தியானம் அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தது. அழகான பெண்டாட்டி வேணும்னு கனவு கண்ட பாக்யராஜுக்கு குண்டான கல்பனாவைக் கட்டி வைத்துவிடுகிறார்கள். அவன் அவளை ஏறெடுத்துப் பார்க்க மாட்டேன் என்கிறான், வெளியே இன்னொருத்தியைத் தேடிப் போகிறான், கடைசியில் முட்டி மோதித் திரும்பி வருகிறான். கல்பனாவுக்குத் தமிழில் அதுதான் முதல் படம். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும் பாருங்கள், அழுகையைப் பல்லால் கடித்துப் பிடித்த சிரிப்பு. (2016-ல் அவர் போய்ச் சேர்ந்தபோது முதலில் நினைவுக்கு வந்தது அந்த முகம்தான்.)

அக்கா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே பார்த்தாள். சிரித்தாள். நடுவில் ஒரு இடத்தில் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். படம் முடிந்ததும் அத்தான் கடையிலிருந்து சாப்பிட வர்ற நேரம். அவர் செருப்புச் சத்தம் கேட்கிறதுக்கு முன்னாடி சொன்னா:

"இதை அன்னைக்கே பார்த்திருந்தா மொத வருஷம் அவ்வளவு அழுதிருக்க மாட்டேன்டா. எனக்கு மட்டும்தான் இப்படின்னு நெனச்சுட்டேன்."

எனக்கு அதுவரை தெரியாது. அக்கா கறுப்பு, ஒல்லி. தீப்பெட்டி மருந்து பட்ட விரல். அத்தான் வேற யாரையோ எதிர்பார்த்திருந்திருக்கிறார். முதல் வருஷம் முகம் கொடுத்துப் பேசலையாம். அப்புறம் சரியாகிவிட்டார், தங்கமான மனுஷன், அதெல்லாம் வேற கதை. ஆனா அந்த ஒரு வருஷம் அவளுக்குத் தேவைப்பட்ட படம் பக்கத்துக் கொட்டகையில் ஓடினப்போ, நான் அவளை ஜப்பானுக்கு இழுத்துக்கிட்டுப் போயிட்டேன்.

"பாட்டு நல்லாருந்துச்சுல்லக்கா"ன்னு சொன்னேன். வேற என்ன சொல்றது?

"ஸ்ரீதேவிதான் வரவே இல்ல"ன்னா. சொல்லிட்டுப் பல்லை நீட்டிக் காட்டினா, கல்யாணம் மாதிரி.

டிஸ்கி: 'ஜப்பானில் கல்யாணராமன்' ரசிகர்கள் யாராவது இருந்தால் கோபப்பட வேண்டாம். பாட்டெல்லாம் இன்னிக்கும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.